ஹமீது மச்சானும் சுவிட்ச் இல்லாத கரண்டும்

பம்பாய் சீத்தா கேம்பில் யார் வீட்டிலாவது ஃபேன் நின்றுவிட்டால் ஹமீது மச்சான் வந்து நிற்பார். கூப்பிட்டு வருகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம், கூப்பிடாமலே வருவார். மற்ற ஆண்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் இவர் டெஸ்டர் குத்தியிருப்பார். கல்யாண வீட்டுக்கும் ஜும்மாவுக்கும் அந்த டெஸ்டரோடுதான் போவார். ஒருமுறை மையத்து வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது அங்கிருந்த ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்து, எர்த் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்ன மனுஷன் இவர்.

இவர் என் அக்கா சஃபீனாவின் புருஷன். நான் அவள் தங்கை நஸீரா. இரண்டு சந்து, இங்கே கல்லி என்போம், தள்ளிக் குடியிருக்கிறேன், அவர்கள் பட்டறையில் பிளாஸ்டிக் கவர் அடுக்கிக் கட்டுகிறேன். அதனால் நான் சொல்லப்போகிற எதுவும் காதால் கேட்டதில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

மச்சான் தென்காசிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் பம்பாய்க்கு வந்தவர். கோவண்டியில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்கிற கடையில் எடுபிடியாக இருந்தார். ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. ஈரக்காலோடு போய் டேபிள் ஃபேனைத் தொட்டார். கரண்ட் பிடித்து உதறிச் சுவரோடு கொண்டுபோய் அடித்தது. உயிர் பிழைத்தது அல்லாவின் கருணை. அப்படி ஓர் அடி வாங்கினால் மற்றவர்களுக்குப் பயம் வரும், சிலருக்குப் புத்தி வரும். மச்சானுக்குப் பட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து கரண்டைப் பற்றி வாய் திறக்க இந்த ஊரில் தனக்கு மட்டும்தான் உரிமை என்று எண்ணிக்கொண்டார்.

சுவரில் மோதி அவர் கற்ற பாடம் இதுதான்: காலில் ரப்பர் செருப்பு போடு, காய்ந்த பலகை மேல் நில், மெயின் சுவிட்சை அணை. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அதில் தப்பு ஒன்றுமில்லை. கம்பியில் வருகிற கரண்ட் ஓடுகிற சாமான். போவதற்கும் திரும்புவதற்கும் அதற்கு வழி வேண்டும். ஈரக்காலோடு நிற்கிறவன் உடம்பையே வழியாக்கிக்கொண்டு அது தரைக்குள் இறங்கும். ரப்பரும் காய்ந்த மரமும் அந்த வழியை அடைக்கும். சுவிட்சை அணைத்தாலோ வழியே அறுந்துபோகும், அப்புறம் கம்பி வெறும் கம்பிதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் படிக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இதற்காக மாலை கேட்டதில்லை.

பிறகு அணுசக்தி நகர் குடியிருப்பில் ஒரு கான்ட்ராக்டரிடம் ட்யூப்லைட் மாட்டுகிற வேலை கிடைத்தது. ஏணி பிடிக்கிற வேலை என்று சொன்னால் இன்னும் பொருந்தும். ஒரு கோடை முழுக்க ஏணி பிடித்துவிட்டுத் திரும்பியவர் விஞ்ஞானியாகத் திரும்பினார். எந்தப் பேச்சையும் “நான் அட்டாமிக்ல இருந்தப்போ” என்றுதான் தொடங்குவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய் கிழிய யுரேனியம் பேசுவார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள், குடிக்கிற டீ அவர் வாங்கிக் கொடுத்தது என்பதால்.

பட்டறை அக்காவின் யோசனை. அவள் சீத்தா கேம்பிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் தாராவியில் ஒரு கவர் பட்டறையில் இருந்து தொழில் முழுவதையும் கற்றிருந்தாள். புடவையும் சுடிதாரும் போட்டுக் கொடுக்கிற பளபளப்பான பிளாஸ்டிக் கவர் இருக்கிறதே, அதில் கடைப் பெயரை அச்சடிக்கிற தொழில். பெரிய ரோலாக வருகிற பிளாஸ்டிக்கை இழுத்து, வெட்டி, மேலே வலை கட்டிய ஸ்கிரீனை வைத்து மையைத் தேய்க்க வேண்டும். நிறம் மாற்றும்போதெல்லாம் ஸ்கிரீனைத் தின்னரில் கழுவ வேண்டும். தின்னர் என்றால் பெயின்ட் கடைக்குள் போனதும் மூக்கைத் துளைக்குமே, அதுதான். அதன் ஆவி காற்றில் நின்றால் ஒரு பொறி போதும். ஆர்டர் பிடித்தது அக்கா, செம்பூரில் கடை கடையாக ஏறி இறங்கியது அக்கா. மச்சான் தன் பெயரை எழுதி போர்டு மாட்டினார். போர்டுக்கு மேலே லைட்டும் போட்டார். லைட் நன்றாகத்தான் எரிந்தது.

முதல் டிசம்பரிலேயே தொல்லை தொடங்கியது. ரோலை இழுப்பது அக்காவின் வேலை. இழுத்து முடித்து மேஜையின் இரும்புக் காலைத் தொட்டால் சுளீரென்று விரலில் அடிக்கும். பொரி வெடிக்கிற மாதிரி சத்தம்கூடக் கேட்கும். வெட்டிய கவர்கள் என் கையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழாது. அக்காவின் முக்காட்டுக்குள்ளிருந்து நாலு முடி வெளியே வந்து ரோலைப் பார்த்து எழும்பி நிற்கும். அவள் வேலையை விடாமல் விரலை உதறிக்கொண்டே இழுப்பாள்.

மச்சானிடம் சொன்னோம். சொன்னதுதான் தாமதம், டெஸ்டரை உருவிக்கொண்டு வந்துவிட்டார். மேஜையைத் தொட்டார், ரோல் கோத்திருக்கிற குழாயைத் தொட்டார், ஷட்டரைத் தொட்டார், என் டிபன் டப்பாவைக்கூட விடவில்லை. டெஸ்டர் எங்கேயும் எரியவில்லை. எங்கோ லீக்கேஜ் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அக்கா நிற்கிற இடத்தில் காய்ந்த பலகை ஒன்றைப் போட்டார். அடி அதிகமானது. செருப்பு போட்ட பிறகுதான் ரொம்ப அடிக்கிறது என்று அக்கா சொன்னாள். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே போய் அதைவிடத் தடிமனான செருப்பு வாங்கி வந்தார்.

அதற்கும் மசியவில்லை என்றதும் வயரிங்கைப் பிரித்தார். சுவரெல்லாம் ஓட்டை. இன்று முடியும், நாளை முடியும் என்று மழைக்காலத்து வாசல் வரை இழுத்தார். கடைசி ஆணியை அவர் அடித்த வாரத்தில்தான் மழை இறங்கியது. ஷாக் நின்றது. ரோலை இழுத்தால் சமர்த்தாக வந்தது, இரும்பைத் தொட்டால் ஒன்றும் இல்லை. மச்சானைப் பிடிக்க ஆள் இல்லை. பள்ளிவாசல் படியில் நின்று லீக்கேஜைத் தான் துரத்திப் பிடித்த கதையைச் சொன்னார். பக்கத்துக் கல்லிப் பெண்கள் தங்கள் வீட்டு அயர்ன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்களும் நம்பினோம், நம்பாமல் என்ன செய்வது, ஷாக் நின்றுவிட்டதே.

அந்த மழைக்காலத்தில் புதிதாக ஒரு சட்டமும் போட்டார். ஸ்கிரீனைத் தின்னரில் கழுவும்போது மெயின் ஆஃபில் இருக்க வேண்டும். தின்னர் இருக்கிற இடத்தில் கரண்ட் இருந்தால் தீப்பிடிக்குமாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மெயினை அணைத்தால் பின்சுவரில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றுவிடும் என்பதை அந்த விஞ்ஞான மூளை யோசிக்கவில்லை. கல்லிப் புழுதி ஈர மையில் ஒட்டும் என்பதால் ஜன்னலையும் சாத்தித்தான் வைப்போம். அரை இருட்டில், தின்னர் நெடியில் தலை கிறுகிறுக்க, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கழுவினோம். வெளியே போர்டின் லைட்டும் அணைந்திருக்கும், அதற்கு மட்டும் அவர் வருத்தப்பட்டார்.

அடுத்த டிசம்பர் வந்தது. காற்று காய்ந்தது. அக்காவின் விரலில் மறுபடியும் சுளீர்.

இந்த முறை அவள் சொன்னதும் மச்சானுக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவர் சரிசெய்தது திரும்ப வரக் கூடாது. டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. மெயினை அணைத்துவிட்டு இழுக்கச் சொன்னார். இழுத்தாள், அடித்தது, கையை உதறினாள். மெயின் ஆஃபில் இருக்கும்போது கரண்ட் அடிக்கிறது என்று சொல்கிறவளை என்ன செய்வது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கும் அடிக்கிறது மச்சான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உங்கள் குடும்பத்திலேயே நரம்புக் கோளாறு இருக்கிறது போல என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டெஸ்டரைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்துப் பார்த்திருப்பேன்.

சும்மா சொன்ன சொல் அதோடு நிற்கவில்லை. கோவண்டியில் ஒரு டாக்டரிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே அவளைப் பேச விடாமல் தானே எல்லாவற்றையும் சொன்னார். கை தானாக வெட்டி இழுக்கிறது, இல்லாத ஷாக் அடிக்கிறது என்றார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை அட்டையை மச்சான் ஊருக்கெல்லாம் காட்டினார். சஃபீனாவுக்கு நரம்பாம் என்று கல்லி முழுக்கப் பேச்சு. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார்கள். அவள் கையிலிருந்து ஒரு ஸ்பூன் நழுவினால்கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்பூர்க் கடைக்காரர் ஒருவர் ஆர்டரை அக்காவிடம் சொல்லாமல் மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

அப்புறம்தான் பெரிய இடி. அக்காவை ஊருக்கு அனுப்புவது என்று மச்சான் முடிவு செய்தார். தென்காசிப் பக்கம் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் ஓய்வாக இருக்கட்டும், பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் அண்ணன் நசீர் கோவண்டியில் இருக்கிறார். குடும்பத்தோடு அந்தப் பக்கம் புறப்பட இருந்தார், அவரோடு போகட்டும் என்று அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்காவுக்கு அந்த ஊர் என்ன? இரண்டு கல்யாணத்துக்குப் போய் வந்த இடம். நரம்புக் கோளாறு என்று பெயர் வைத்து அங்கே அனுப்பப்படுகிறவளை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? அவள் கட்டிய பட்டறை போகும், அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகும். நசீர் அண்ணன் தங்கமான மனுஷன்தான், ஆனால் மாப்பிள்ளை பேச்சை மீறுகிற தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அன்று கவர் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“நஸீரா, எனக்கு நெசமாவே அடிக்குதுல்லா?”

அவளே அவளை நம்பாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார் அந்தப் பாவி. அடிக்கிறது அக்கா, எனக்கும் அடிக்கிறது என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் தாராவியிலிருந்து எங்கள் மை வியாபாரி சுயம்பு அண்ணாச்சி மையும் தின்னரும் கொண்டுவந்தார். இவர் மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷன். கல்லி முனையில் பேசினால் பட்டறைக்குள் கேட்கும், பேச்சில் பாதி தன் பெருமை. அக்காவின் கதையைக் கேட்டதும் சிரித்தார். ரோலை வாங்கி நாலு இழுப்பு இழுத்தார், மேஜைக் காலைத் தொட்டார், சுளீரென்று வாங்கிக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார். மச்சான் டெஸ்டரைத் தேடினார்.

“பாய், இது லைன்ல வார கரண்ட் இல்ல, கேட்டீரா. ரோல் உரசி உண்டாவுறது. இது ஓடாது, அங்கனயே உக்காந்துக்கிடும். இதுக்குச் சுவிட்ச் கெடையாது.”

பிறகு அவர் விளக்கமாகச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பொருளை உரசிப் பிரித்தால் ஒன்றிடமிருந்து மின்சாரத்தில் கொஞ்சத்தை மற்றது பிடுங்கிக்கொள்ளும். ரோலில் சுற்றுக்குச் சுற்று பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது, இழுக்க இழுக்க அதுதான் நடக்கிறது. செம்புக் கம்பியாக இருந்தால் பிடுங்கியது ஓடிப்போய்விடும். பிளாஸ்டிக்கில் ஓட வழி இல்லை, அதனால் அங்கேயே சேர்ந்துகொண்டே இருக்கும். இழுக்கிறவர் உடம்பிலும் ஏறும். வெறுங்காலோடு நின்றால் உடம்பிலிருந்து தரைக்குள் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ரப்பர் செருப்பும் காய்ந்த பலகையும் போட்டு வழியை அடைத்தால் உடம்பு கிடங்காகிவிடும். அப்புறம் இரும்பு கிட்டே வந்ததும் ஒரே தாவாகத் தாவும், அந்தத் தாவல்தான் பொறி. லோக்கல் ரயிலை சிக்னல் போட்டு நிறுத்தலாம், குர்லா பிளாட்பாரத்தில் அடைந்து நிற்கிற கூட்டத்தை எந்த சிக்னல் போட்டுக் கலைப்பீர் என்று மச்சானைக் கேட்டார் அண்ணாச்சி. மழைக்காலத்தில் ஏன் நின்றது என்று அக்கா கேட்டாள். காற்றிலும் பிளாஸ்டிக் மேலும் ஈரம் படியும், அந்த ஈரமே வழியாகிவிடும் என்றார். மழை செய்த வேலைக்குத்தான் மச்சான் பள்ளிவாசல் படியில் நின்று பவுசு காட்டியிருக்கிறார்.

இதெல்லாம் அண்ணாச்சிக்குப் படித்து வந்த அறிவில்லை. அவர் கிடங்கிலேயே ஒருமுறை தின்னர் ஊற்றும்போது ஒரு டிரம் தீப்பிடித்து, கூரை போயிருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் அன்று திட்டிச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே வந்து தன் கண்டுபிடிப்பு மாதிரி சொன்னார். செருப்பைக் கழற்றுங்கள், பலகையை எடுங்கள், தரையில் தண்ணீர் தெளியுங்கள், ரோலுக்குக் குறுக்கே செம்பு ஜிகினாச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டு எர்த்தில் கட்டுங்கள் என்றார். முக்கியமாக, தின்னர் திறந்திருக்கும்போது ஃபேனை அணைக்காதீர்கள் என்றார்.

அண்ணாச்சி சொன்ன ஒவ்வொன்றும் மச்சானின் சட்டத்தில் ஹராம். வெறுங்காலா, ஈரத் தரையா, கம்பியைக் கொண்டுபோய் ஆள் நிற்கிற இடத்தில் கட்டுவதா, என் ஆட்களைக் கொல்லப் பார்க்கிறீரா என்று கேட்டார். ஜிகினா கட்டுவதற்கு என் ரோலுக்கு என்ன நிக்காஹ்வா என்று அதற்கு ஒரு கிண்டல் வேறு. மை விற்கிறவர் மையை விற்றால் போதும் என்றார். அண்ணாச்சி முகம் சிவந்து, எக்கேடும் கெட்டுப் போம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் நசீர் அண்ணனுக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தேன். அக்காவுக்கு ஒரு கோளாறும் இல்லை, கோளாறு எல்லாம் உன் மாப்பிள்ளை மூளையில்தான் என்று சொன்னேன். அண்ணன் நேரில் வந்து கேட்கிறேன் என்றார். அது மச்சான் காதுக்குப் போயிற்று. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வரட்டும், அவர் கண் முன்னாலேயே மெயினை அணைத்துவிட்டு நானே ரோலை இழுத்துக் காட்டுகிறேன், எனக்கு அடிக்கவில்லை என்றால் சஃபீனா பேசாமல் ரயில் ஏற வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்தார். மச்சான் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி அயர்ன் பண்ணிய பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தார், பையில் டெஸ்டர். காலையில்தான் சிவப்பு மையை முடித்து ஸ்கிரீன் கழுவியிருந்தோம். தின்னர்த் தகரத்தொட்டி மேஜை ஓரத்தில் திறந்தே இருந்தது. மூடியைப் போடட்டுமா என்று அக்கா கேட்டாள். கரண்டே இல்லாத இடத்தில் தின்னர் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி மெயினைக் கீழே இழுத்தார். ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அடிக்கிற நெடியில் அண்ணன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

மச்சான் பலகை மேல் ஏறினார். காலில் அந்தத் தடிமன் செருப்பு. இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தார். அக்கா ஒரு நாள் இழுக்கிற பிளாஸ்டிக்கை ஒரே மூச்சில் இழுத்துவிடுவார் போலிருந்தது. கால் முட்டு வரை பிளாஸ்டிக் குவிந்து, பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு, அவர் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. அதைக்கூடப் பார்க்காமல் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அட்டாமிக்கில் இருந்தபோது ஏதோ ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தாராம். போதுமே என்று நான் சொன்னதும் கையை நீட்டி எங்களுக்குக் காட்டினார்.

“பாத்துக்கங்க நசீர் அண்ணே. நான் இப்பம் இரும்பத் தொடுறேன்.”

கிட்டே இருந்த இரும்பு எது? தின்னர்த் தொட்டியின் விளிம்பு. ஏங்க, அங்கே வேண்டாம் என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் விரலைக் கொண்டுபோய்விட்டார். டப்பென்று ஒரு சத்தம். விரல் நுனிக்கும் தகரத்துக்கும் நடுவில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான், தொட்டி முழுக்கத் தீ எழும்பி அவர் முகத்தைத் தொட்டது.

அண்ணன் சிலையாக நின்றுவிட்டார். நான் ஷட்டரைத் திறந்து கத்தினேன். அக்காதான் அவரைப் பலகையிலிருந்து தள்ளிவிட்டு, அந்தப் பலகையையே தூக்கித் தொட்டி மேல் கவிழ்த்தாள். மூச்சு முட்டித் தீ அடங்கியது. அவர் மேல் ஒட்டி உருகிக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கை ஈரச் சாக்கால் பிடித்துப் பிய்த்துப் போட்டதும் அவள்தான். மச்சான் தரையில் கிடந்தார். தாடி பாதி கருகி, இரண்டு கையும் தோல் வழன்று பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த வேதனையிலும் மெயின், மெயின் என்றுதான் கத்தினார். மெயின் அவர் இழுத்து விட்ட இடத்திலேயே ஆஃபில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் கல்லியே திரண்டு வந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கை ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. அதனால் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மெயின் ஆஃபில் இருந்ததாமே, அப்புறம் தீ எப்படி வந்தது? யாரும் குத்திக் கேட்கவில்லை. கரண்டைப் பற்றி அவரிடம் கேட்டுப் பழகிய ஜனங்கள், வழக்கம்போலக் கேட்டார்கள்.

மச்சான் கூரையைப் பார்த்தார். ரோல் உரசியதால் வந்த பொறி என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்காவின் பெயர் அந்த நிமிஷமே கழுவிவிட்டது போல ஆகியிருக்கும். நசீர் அண்ணனும் கட்டில் கால்மாட்டில் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார், டிக்கெட் இன்னும் கேன்சல் ஆகவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்த வாயில் இடமில்லை.

“அது கரண்ட்னால இல்ல. எனக்குக் கையில திடீர்னு ஒரு வெட்டு வெட்டிச்சு. தொட்டி தட்டிப்போச்சு. நரம்புதான். கொஞ்ச நாளாவே எனக்கு இருக்கு.”

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், தட்டிய தொட்டியில் தீ எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாமல். சுவிட்ச் இல்லாத கரண்ட் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்வதைவிட, பொண்டாட்டிக்குக் கட்டிவிட்ட நோயைத் தானே வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

அக்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

“நசீர் அண்ணே, கேட்டீங்கள்ல. நரம்பு எனக்கில்லியாம், இவங்களுக்காம். ஊருல ரெஸ்ட் எடுக்கணும்ல. என் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு இவங்களுக்குப் போடுங்க. பட்டறைய நான் பாத்துக்கிடுதேன்.”

இத்தனை ஆள் முன்னால் தனக்கென்று சொன்ன நோயை மச்சான் இனி எப்படி இல்லை என்பார்? நசீர் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக மாப்பிள்ளையைக் கேட்காமல் போனை எடுத்து டிக்கெட் பார்க்கத் தொடங்கினார். மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அடுத்த ஸ்பூன் கஞ்சியை உள்ளே விட்டாள்.